கைப்பிடிக்குள் இருக்கும் பெயர்

முப்பரிமாண மொடல்கள் விற்கும் தளம் ஏதாவது ஒன்றுக்குப் போய் ‘ஜப்பானியக் குறுவாள்’ என்று தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும். எல்லாம் பளபளக்கும். அலகின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு அலைக்கோடு ஓடும். கைப்பிடியில் நாடா சுற்றியிருக்கும், சிலதில் ஒரு டிராகனும் இருக்கும். பைலைத் திறந்து கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெளியில் தெரியாத பகுதியை வைத்திருந்தால் கேம் ஓடும்போது கணினிக்கு வீண் சுமை. அதனால் கைப்பிடி தொடங்கும் இடத்தோடு அலகை வெட்டிவிடுவார்கள். தொழில்முறையில் அது சரிதான்.

கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் நாலு பேர் கடந்த விடுமுறையில் ஒரு ஜப்பானியக் குறுவாளைக் கணினியில் செய்து முடித்தோம். எங்களில் இரண்டு பேர் வரலாறு, ஒருவர் நுண்கலை, ஒருவர் மொழியியல். காசு கொடுத்து வாங்கின சொஃப்ட்வெயார் எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர், ஒரு பழைய லப்டொப், அருங்காட்சியகப் படங்கள், அவ்வளவுதான். பிளெண்டர் படிப்பிக்கும் வீடியோக்கள் வேண்டிய அளவு இருக்கு, அந்தப் பாடத்தை நாங்கள் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. செய்யச் செய்ய எங்களிடம் வந்து சேர்ந்த கேள்விகளைப் பற்றியே எழுதுகிறோம்.

முதலில் எந்தக் குறுவாள் என்று சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் இந்த வகைக்கு டான்டோ என்று பெயர். அலகின் நீளம் ஒரு ‘ஷாகு’வுக்குள், அதாவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் அது டான்டோ. கியோத்தோவின் அவாடகுச்சிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டில் வேலை செய்த யோஷிமிட்சு என்ற கொல்லர் டான்டோவுக்கே பெயர் போனவர். அவருக்கு டோஷிரோ என்றும் பெயர். அதனால் அவர் செய்த புகழ்பெற்ற கத்திகள் ‘இன்ன டோஷிரோ’ என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று அட்சுஷி டோஷிரோ. ‘தடித்த டோஷிரோ’ என்று பொருள் கொள்ளலாம். நீளம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர்தான், ஆனால் தடிப்பு ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல். சாதாரண டான்டோவைப் போல இது இரண்டு மடங்கு தடிப்பு. கவசத்தின் இடுக்கில் குத்தி உள்ளே இறக்குவதற்கான உடம்பு அது. இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்குள்ள தேசிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் ‘கோல்பேஸ்’ தளத்தில் பொருட்களின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். விமானச் சீட்டுக்கு வழியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

உருவத்தைச் செய்வது லேசு. இந்த அலகு இரண்டு பக்கமும் தட்டையானது, நடுவில் மேடு இல்லை. முதுகுப்பக்கம் மிக மெல்ல உள்நோக்கி வளைந்திருக்கும். அரை நாளில் வடிவம் வந்துவிடும். பிறகுதான் அந்த வெள்ளைக்கோடு வருகிறது.

அதற்கு ‘ஹமோன்’ என்று பெயர். பலர் அதை வெள்ளை நிறத்தில் வரைந்து அலகின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் அது வரைந்த கோடு கிடையாது. கொல்லர் அலகின் மேல் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்த கலவையைப் பூசுகிறார். முதுகில் தடிப்பாக, வெட்டும் ஓரத்தில் மெல்லியதாக. பிறகு செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துகிறார். மண் மெல்லியதாக உள்ள ஓரம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. மண் மூடிய முதுகு ஆறுதலாகக் குளிர்ந்து கொஞ்சம் மென்மையாகவே நிற்கிறது. ஒரே இரும்பில் இரண்டு குணம். கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லையில் உருவாகும் நுண்ணிய படிகங்கள்தான் அந்தக் கோடு. பொருத்தமான சூட்டைக் கொல்லர் இரும்பின் நிறத்தை வைத்தே கணிக்க வேண்டும் என்பதால் பட்டறையை இருட்டாக்கிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்வார்கள். தண்ணீரில் அமிழ்த்தும் அந்தக் கணத்தில் அலகு வெடித்தால் அதுவரை பட்ட பாடு முழுக்கப் போச்சு.

இது தெரிந்த பிறகு கணினியில் செய்யும் முறையும் மாறுகிறது. பிளெண்டரில் ஒரு பரப்புக்கு நிறம் கொடுப்பது ஒன்று, அது ஒளியை எவ்வளவு சிதறடிக்கும் என்று சொல்வது இன்னொன்று. ஹமோன் இரண்டாவதைச் சேர்ந்தது. நாங்கள் அலகு முழுவதற்கும் ஒரே நிறம்தான் கொடுத்தோம். ஹமோன் இருக்கும் இடத்தில் ஒளி சிதறும் அளவை மட்டும் கூட்டினோம். றெண்டர் பண்ணிப் பார்த்தால் நேரே பார்க்கும்போது கோடு தெரியாது. விளக்கை மெல்லத் திருப்பினால் எங்கிருந்தோ வருகிறது, இன்னும் திருப்பினால் மறைகிறது. அருங்காட்சியகங்களில் வாள் பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்தும் குந்தியும் நிற்பது இதற்காகத்தான். யோஷிமிட்சுவின் ஹமோன் பெரும்பாலும் நேர்கோடு. கைப்பிடிக்குக் கிட்ட மட்டும் பயறு அடுக்கினமாதிரி சின்னச் சின்ன வளைவுகள் வரிசையாக வரும். வாள் அறிந்தவர்கள் அதைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

அலகின் உடம்பில் இன்னொரு கோலம் உண்டு, மரத்தின் ரேகை மாதிரி. அது இரும்பை மடித்து மடித்து அடித்ததன் தடம். ஆற்று மணலில் கலந்திருக்கும் இரும்புத்தாதை மரக்கரியோடு ‘தாதாரா’ என்ற களிமண் உலையில் இட்டு உருக்கி எடுப்பார்கள். ஷிமானே மாவட்டத்தில் 1977 முதல் குளிர்காலங்களில் அந்த உலை மீண்டும் எரிகிறது, ஒரு முறை மூட்டினால் மூன்று பகல் மூன்று இரவு. அதில் கிடைக்கும் உருக்கைத் தேர்ந்து, தட்டி, மடித்து, மறுபடி தட்டி அலகாக்குகிறார்கள். பத்துத் தடவை மடித்தாலே ஆயிரம் அடுக்கு தாண்டிவிடும். யோஷிமிட்சுவின் பட்டறை இதில் மிக நுணுக்கமானது. அவர்களுடைய ரேகையை ஜப்பானியர் பேரிக்காயின் வெட்டுமுகத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

இங்கே ஒரு சின்னத் திருப்பம், எங்கள் பக்கத்தோடு சம்பந்தப்பட்டது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் உலோக ரெக்ஸ்சர்களில் ‘டமாஸ்கஸ்’ என்று ஒன்று இருக்கும், தண்ணீர் அலை மாதிரி. அதை எடுத்து ஜப்பானிய அலகுக்குப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் டமாஸ்கஸ் வாள்களின் புகழுக்கு அடியில் இருந்த உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்குகைகளில் உருக்கப்பட்டுக் கப்பலேறிப் போனது. அதற்கு ஐரோப்பியர் வைத்த பெயரே நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ ஆகிய சொற்களோடு உறவுடையது என்பார்கள். அந்த அலை உருக்கின் உள்ளேயே, குளிரும்போது தோன்றுவது. ஜப்பானிய ரேகை மடித்து அடித்ததால் வருவது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் இரண்டு ஊர், இரண்டு கை. ஒன்றின் மேல் மற்றதை ஒட்டினால் இரண்டு கொல்லர்களும் காணாமல் போகிறார்கள்.

கைப்பிடிக்கு வருவோம். அட்சுஷி டோஷிரோவின் பழைய கைப்பிடியை நகலெடுக்க எங்களிடம் ஆதாரம் இல்லாததால் அக்காலத்திலிருந்து வழக்கில் உள்ள ஒரு பொது வடிவத்தை எடுத்துக்கொண்டோம். கைக்காப்பு இல்லாத, உறையும் பிடியும் நேரே பொருந்தும் வகை. மரப்பிடியின் மேல் வெள்ளையாய், மணி மணியாய் ஒரு தோல். ஜப்பானிய மொழியில் அதைச் சுறாத்தோல் என்பார்கள். உண்மையில் அது திருக்கைத் தோல். பிடி வழுக்காமல் இருக்க அந்த மணிகள்தான் காரணம். எடோ காலத்தில் சீன, ஒல்லாந்துக் கப்பல்களில் தெற்குக் கடல்களிலிருந்து நாகசாகிக்கு இந்தத் தோல் போய் இறங்கியது. திருக்கை என்றதும் எங்கள் வீடுகளில் ஒன்று கறி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் திருக்கைவால் ஞாபகம் வரும். அதன் முதுகுத்தோல் ஒரு சாமுராயின் கைக்குள் இருந்தது என்பது எங்களுக்குப் புதினம். அந்த மணிகளை ஒரே அளவில் கணினியை நிரப்ப விட்டால் பிளாஸ்டிக் மாதிரி வரும். திருக்கையின் முதுகு நடுக்கோட்டில் மணிகள் பெரிதாக இருக்கும், விலகிப் போகப்போகச் சிறுக்கும். நுண்கலை படிக்கும் எங்கள் தோழி சந்தையில் திருக்கையைப் படமெடுத்து வந்து அதைப் பார்த்துத்தான் செய்தாள்.

இந்த வேலை நடந்தது எங்களில் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கும் வீட்டு விறாந்தையில். ஒரு பின்னேரம் வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அதில் கத்தி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

“ஏன் பிள்ளையள், செய்யிறதுக்கு வேற சாமான் ஒண்டும் கிடைக்கேல்லையோ? கத்தியோ?”

“இது மியூசியத்தில இருக்கிற கத்தி அன்ரி.”

“அங்க வாறதுக்கு முதல் எங்க இருந்ததாம்?”

நல்ல கேள்வி. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போன எந்த ஆயுதமும் அங்கேயே பிறந்தது மாதிரித் தோன்றும். அட்சுஷி டோஷிரோ அஷிகாகா ஷோகன்களிடம் இருந்தது, பிறகு டொயோடோமி வீட்டிடம், பிறகு டொகுகாவா ஷோகன்களிடம். அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் இப்படியான கத்திகளும் கைமாறின. பரிசாக, பணிவின் அடையாளமாக. டொயோடோமி ஹிதேயோஷி தனக்குப் பின் ஆள்வதற்கென்று வைத்திருந்த மருமகன் ஹிதெட்சுகுவை 1595இல் கோயா மலையில் உயிர்விடச் செய்தார். அவரோடு அவருடைய இளம் பணியாளர்களும் உயிர்விட்டார்கள். அவர்களில் ஒருவனின் கையில் இருந்தது இந்தக் கத்திதான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அதோடும் முடியவில்லை. சில வாரங்களுக்குள் ஹிதெட்சுகுவின் மனைவியர், பிள்ளைகள், பணிப்பெண்கள் என முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கியோத்தோவில் ஆற்றங்கரையில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

2009இல் எங்களுக்கு ஆறு, ஏழு வயது. ஆயுதம் என்பது எங்கள் தலைமுறைக்கு நேரே கண்டதைவிட, வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்தும் இடத்தில் இருப்பது. அதே நேரம் நாங்கள் வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவர்கள். 2020இல் வந்த ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’ எங்களில் எத்தனை பேருக்குப் பிடிக்கும்! 1274இல் மங்கோலியர் சுஷிமாத் தீவில் வந்திறங்கியதுதான் கதை. யோஷிமிட்சு வாழ்ந்த அதே நூற்றாண்டு. அதில் நாயகன் பின்னால் பதுங்கிப் போய் எதிரியைக் குத்துவது டான்டோவால்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 2015இல் தொடங்கிய ‘டோக்கென் ரன்பு’ இன்னொரு வகை, அதில் பழைய வாள்களே அழகிய இளைஞர்களாக வருகிறார்கள். யோஷிமிட்சுவின் குறுவாள்கள் அண்ணன் தம்பிகளாக வருகிறார்கள், அட்சுஷியும் அவர்களில் ஒருவன். அந்த விளையாட்டால் ஜப்பானிய இளம் பெண்கள் கூட்டங்கூட்டமாக அருங்காட்சியகங்களுக்கு வாள் பார்க்கப் போனார்கள். இதையெல்லாம் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. நாங்களும் அந்த வழியால் வந்தவர்கள்தான். ஆனால் அன்ரியின் கேள்விக்கு விளையாட்டில் விடை இல்லை. ஒரு கத்தியை எவ்வளவுக்கு நுணுக்கமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு அது அழகாகிறது. அழகாக ஆக, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது மறைந்துபோகிறது. இதை என்ன செய்வது?

ஜப்பானியர்களே இதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் கைப்பிடிக்குள் கண்டோம்.

அலகு கைப்பிடிக்குள் தொடர்ந்து போகிறது. அந்தப் பகுதிக்கு ‘நகாகோ’ என்று பெயர். ஒரு துளை இருக்கும், அதில் மூங்கில் ஆணி ஒன்றுதான் முழுக் கத்தியையும் பிடித்து வைத்திருக்கும். ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். அலகை மெருகேற்றுபவர்கள் கல் மாற்றிக் கல் மாற்றி வாரக்கணக்கில் தேய்ப்பார்கள். ஆனால் நகாகோவை மட்டும் தொடமாட்டார்கள். அதிலுள்ள துருவைச் சுரண்டுவது பெரும் குற்றம் மாதிரி. ஏனென்றால் கத்தியின் வயதைச் சொல்வது அந்தத் துருதான். அதன் நிறம், அரத்தின் தடம், பிறகு யாரோ போட்ட இரண்டாவது துளை எல்லாமே சாட்சி. கொல்லரின் பெயரும் அங்கேதான். யோஷிமிட்சு பெரும்பாலும் இரண்டே எழுத்தில் பெயரை வெட்டியிருப்பார். ஒளிரும் பகுதியில் பெயர் இல்லை, துருப்பிடிக்க விட்ட பகுதியில் இருக்கிறது.

அதைப் பதிவு செய்யவும் அவர்களிடம் ஒரு பழைய முறை இருக்கு. மெல்லிய தாளை அலகின் மேல் வைத்துக் கருமை தேய்த்து உருவத்தையும் நகாகோவின் தடங்களையும் அப்படியே எடுப்பார்கள். ஹமோனைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைவார்கள். ‘ஒஷிகதா’ என்று பெயர். ஹிதேயோஷியின் காலத்தில் ஹொனாமி கோடொகு என்ற வாள் நிபுணர் பெரிய மனிதர்களிடம் இருந்த வாள்களை இப்படி வரைந்து வைத்தார். 1615இல் ஒசாகாக் கோட்டை விழுந்து எரிந்தபோது பல வாள்களும் எரிந்தன. உலோகம் உருகாவிட்டாலும் அந்தச் சூட்டில் ஹமோன் அழிந்துவிடும், கத்தி வெறும் இரும்பாகிவிடும். வரைபடத் தாள்கள் மிஞ்சின. 1657இல் எடோ நகரம் எரிந்தபோது இன்னும் பல போயின. பிறகு 18ஆம் நூற்றாண்டில் ஷோகன் யோஷிமுனேயின் கட்டளைப்படி ஹொனாமி குடும்பத்தார் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலொன்றைத் தயாரித்தார்கள். அதில் இருக்கும் வாள்களோடு எரிந்துபோனவற்றுக்கும் தனிப் பகுதி உண்டு. இல்லாததையும் பெயர், நீளம், யாரிடம் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எரிந்ததற்கு ஒரு பட்டியல் ஏன் வேண்டும் என்று இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்படிப் போனவற்றில் ஒன்று யாகென் டோஷிரோ, யோஷிமிட்சுவின் இன்னொரு டான்டோ. அதை வைத்திருந்த பிரபு தோற்றுத் தன் வயிற்றைக் கிழிக்க முயன்றபோது மூன்று தடவையும் இறங்கவில்லையாம். கோபத்தில் வீச, மருந்து அரைக்கும் இரும்புக் குழியைத் துளைத்துக்கொண்டு நின்றதாம். எசமானைக் கொல்லாத கத்தி என்று பெயர் வாங்கியது. பிறகு ஒடா நொபுனாகாவிடம் போய் 1582இல் அவர் இறந்த ஹொன்னோஜித் தீயில் மறைந்தது என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இன்றைய கொல்லர் ஒருவர் பழைய பதிவுகளை வைத்து அதை மீண்டும் செய்து, கியோத்தோவில் நொபுனாகாவுக்குரிய கோயிலில் காணிக்கையாக வைத்தார். 1945க்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படைகள் ஆயுதங்களைச் சேகரித்தபோது தொலைந்த அசோ கோயிலின் ஹொதாருமாரு வாளையும் பொதுமக்கள் காசு சேர்த்து மீண்டும் செய்வித்தார்கள். இன்றைக்கும் ஜப்பானில் ஒரு கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாள் அல்லது மூன்று குறுவாள்தான் செய்யலாம். அதுவும் கலைப்பொருளாக மட்டும், பதிவுத் துண்டோடு.

ஆக, கணினியில் கத்தி செய்யும் நாங்கள் ஒரு நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கிறோம். தாளில் கருமை தேய்த்தவர்கள், எரிந்ததைப் பட்டியலிட்டவர்கள், மீண்டும் அடித்தவர்கள், பிறகு நாங்கள். அவர்கள் எல்லோரும் கவனமெடுத்துப் பார்த்த பகுதியைத்தான் கேம் மொடல்களில் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

எங்கள் பைலில் அது இருக்கிறது. மூங்கில் ஆணியை இழுத்தால் பிடி கழலும். நகாகோவின் துருவுக்கு நாங்கள் செலவழித்த நேரம் அலகின் பளபளப்புக்குச் செலவழித்ததைவிட அதிகம். பெயரின் இரண்டு எழுத்தும் அதன் இடத்தில் இருக்கு. பைலோடு ஒரு பக்கக் குறிப்பும் வைத்திருக்கிறோம். எந்த அளவு அருங்காட்சியகத்திலிருந்து எடுத்தது, எந்தப் பகுதி பொது வடிவம், கத்தி யார் யாரிடம் இருந்தது, 1595இல் என்ன நடந்தது என்று. ஆற்றங்கரையில் கொல்லப்பட்டவர்களையும் அதில் எழுதியிருக்கிறோம். அன்ரிக்கும் வாசித்துக் காட்டினோம். “ம்ம், அப்ப அந்தச் சின்னப் பிள்ளையளையும் எழுதி வைச்சிருக்கிறியள்” என்றுவிட்டு உள்ளே போனார்.

பைல் இலவசம். தங்கள் கேமில் போட விரும்புகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். லப்டொப் இழுக்கவில்லையென்றால் முக்கோணங்களைக் குறையுங்கள், திருக்கைத் தோலின் மணிகளைக்கூடக் குறையுங்கள். நகாகோவையும் குறிப்பையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.